பெரியப்பாவின் ராகுகாலம்

அரவணைமேல் கண்வளரும் அனந்தபுரத்து எம்பெருமானின் திருவடிகளை நெஞ்சில் இருத்தி இதை எழுதத் தொடங்குகிறேன். இன்று புரட்டாசித் திருவோணம். அவனுக்கு உகந்த நாள்.

காலையில் பேத்தி பத்திரிகையை விரித்து, மாநகராட்சி வார்டுகளின் எல்லையை மறுபடியும் மாற்றியிருப்பதை வாசித்துக் காட்டினாள். அவள் நம் தெருவைத் தேடிக்கொண்டிருக்க, என் மனம் பழைய எல்லைக்கோடு ஒன்றுக்குப் போய்விட்டது.

அனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையில் எங்கள் அக்ரஹாரத்தின் நடுவே அந்நாளில் அப்படியொரு கோடு ஓடியது. கண்ணுக்குத் தெரியாது. எங்கள் வரிசை ஒரு வார்டு, எதிர்வரிசை இன்னொன்று. எங்கள் வார்டின் மெம்பர் பெரியப்பா. எதிர்வார்டின் மெம்பர் அத்தையின் கணவரான அத்திம்பேர். இருவரும் வேறுவேறு கட்சி. சபையில் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் மல்லுக்கு நின்றுவிட்டு, மாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அருகருகே அமர்ந்து அடை தின்பார்கள்.

பின்னர் வார்டுகளைத் திருத்தி அமைத்தார்கள். தெரு முழுவதும் ஒரே வார்டு ஆயிற்று. மெம்பர் இருவர், இடம் ஒன்று. அத்திம்பேர் முதலிலேயே வேட்புமனு கொடுத்துவிட்டார். பெரியப்பாவின் கட்சியோ அவரை விடுவதாயில்லை. கோடு அழிந்த பின்புதான் எங்கள் தெரு உண்மையில் இரண்டானது. நாள்தோறும் பூஜைக்குப் பவழமல்லி பொறுக்கப் பிறந்தகம் வரும் அத்தை, வருவதை நிறுத்திக்கொண்டாள். பூக்கள் எங்கள் முற்றத்திலேயே வாடின.

மனுவுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டும். அன்று காலை அத்தை வந்தாள். கையில் பூக்கூடை இல்லை. பூஜையறை வாசலில் நின்றபடி பெரியப்பாவிடம் கேட்டாள்.

“அண்ணா, யார் ஜெயிச்சாலும் தோத்தவா ஆத்துல நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?”

பெரியப்பா துளசி தீர்த்தம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பாட்டுக்குப் பின் கட்சிச் செயலாளர் காரோடு வந்தார். மலையாளி, பெரியப்பாவிடம் மிகுந்த மதிப்புள்ளவர். பெரியப்பா ஜரிகை வேஷ்டி உடுத்தி, கையில் மனுவோடு ஊஞ்சலில் தயாராக இருந்தார்.

“சாமி, சமயமாயி. எறங்கண்டே?” என்று கிளம்ப அவசரப்படுத்தினார்.

“ராகுகாலம் கழியட்டும்.”

பஞ்சாங்கத்தில் பெரியப்பாவை மறுத்துப் பேச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. செயலாளர் அடங்கி உட்கார்ந்தார். சிறுவனான நான் கடிகாரத்தையும் ஊஞ்சலையும் மாறி மாறிப் பார்த்தேன். அரிசி களையவும் நேரம் பார்க்கிற பெரியம்மா, அடுக்களை வாசலில் வாய்திறவாமல் நின்றாள். அப்பா விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டரை ஆனதும் செயலாளருக்குப் பொறுக்கவில்லை.

“சாமியுடெ ராகுவுக்கு இந்நு நீளம் கூடுதலாணோ?”

“பாம்போல்லியோ? நீளமாத்தான் இருக்கும்.”

மணி மூன்று அடித்தது. பெரியப்பா எழுந்து வேஷ்டி மாற்ற உள்ளே போனார். மறுநாள் காலை அத்தை கூடையோடு முற்றத்தில் குனிந்து பூப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

தேர்தலில் அத்திம்பேர் வென்றார். எனக்கோ ராகுவின்மேல் தாளாத கோபம். தெருக்கோடிக் கோயிலில் நவக்கிரகம் சுற்றும்போது மற்ற எண்மரையும் கும்பிட்டுவிட்டு, ராகுவிடம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பெரியப்பா அதைக் கண்டிருக்கிறார், கண்டித்ததில்லை. அவர் மட்டும் அந்தச் சந்நிதியில் சற்று அதிக நேரம் கைகூப்பி நிற்பார்.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் உச்சிப்பொழுதோடு கழிந்துவிடும் என்பதை நான் கற்றது பல ஆண்டுகளுக்குப் பின்பு. அன்று அந்த வீட்டில் அதை அறியாதிருந்தவன் நான் ஒருவனே. செய்யாத குற்றத்தைப் பேசாமல் சுமந்த ராகு பகவானும் எங்கள் குடும்பத்தாரில் ஒருவராகவே இருந்திருக்கிறார்.

இதை வாசிப்போர் யாவருக்கும் உடன்பிறந்தார் வாசல் என்றும் திறந்திருப்பதாக. அவர்கள் முற்றத்தில் பூ உதிர்வதும், அதைப் பொறுக்க உரியவர் வருவதும் எம்பெருமான் அருளால் ஓயாதிருப்பதாக.