சித்தி தந்த சுக்கான்

ஒன்பது வயதில் நான் ஒரு கப்பலுக்குக் கப்டனாக இருந்தேன். கப்பல் என்றால், அகலத்தில், மோர்டனில் இருந்த எங்கள் வீட்டின் ஒடுக்கமான ஹோல். நீளத்தில் இரண்டு பஸ். வேகத்தைப் பற்றிச் சொன்னால், ஆற்றங்கரையில் நாயுடன் நடப்பவர் எங்களை முந்திப் போய், நாய்க்காக நின்று, மறுபடியும் முந்திப் போவார்.

அதை வார விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்தவர் அப்பா. அம்மா, எங்களுடன் இருந்த சித்தி, நான் ஆகியோரோடு, பக்கத்து ஊரான சட்டனிலிருந்து ஓர் அங்கிளும் ஏறினார். இஞ்சினியர், படகும் ஓட்டுவார் என்று அப்பா அறிமுகப்படுத்தினார். முதல் வளைவிலேயே படகு நாணலுக்குள் புகுந்ததும் இரண்டாவது தகுதி அடிபட்டுப் போயிற்று.

உண்மையில் அது பெண் பார்க்கும் படலம். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தேத்தண்ணித் தட்டோடு யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று சித்தி சொல்லிவிட்டார். ஆகவே இடையில் யாரும் எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்து அப்பா இருவரையும் ஏற்றிவிட்டார். ஞாயிறு மாலை படகைத் திருப்பிக் கொடுப்பதற்குள் சித்தி பதில் சொல்லவேண்டும்.

புது வாகனம் என்பதால் அம்மா தேசிக்காய் கொண்டுவந்திருந்தார். சில்லு இல்லாத வாகனத்தில் அதை எங்கே நசிப்பது? முன்னால் தண்ணீரில் போட்டார். நசியவில்லை, மூக்குக்கு முன்னால் மிதந்து கொஞ்சத் தூரம் எங்களுக்கு வழிகாட்டியது.

படகு உண்மையில் பணிந்தது சித்திக்குத்தான். சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும் என்ற குழப்பம் அவருக்கு அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. எனக்கும் ஐந்து நிமிடம் தந்தார்கள். ஒரு வாத்துக் குடும்பம் வீடு மாறியது. அதன்பின், "சித்தி, ஒருக்கா ஓட்டட்டோ?" என்று எத்தனை தரம் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"ஏலாது, கப்டன்."

ஈலி நகரத்துத் தேவாலயம் தட்டை வயல்களுக்கு அப்பால் அரை நாளாகத் தெரிந்துகொண்டே இருந்தது; கிட்ட வருவதாக இல்லை. ஒருவழியாக ஞாயிறு காலை அங்கே படகைக் கட்டினோம். சித்தியும் அங்கிளும் தேவாலயம் பார்க்கப் போக, அம்மா என்னையும் கூட அனுப்பினார். நான் இருவருக்கும் நடுவில் நடந்தேன். கப்பல் தலைவி அங்கேதானே நடக்கவேண்டும்!

அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தபடி அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கு விருப்பமெண்டால்... திரும்பவும் சந்திக்கலாமோ?"

"ஓம், வாற சனி வாங்கோ அங்கிள்," என்றேன் நான். "அப்பா கராஜ் துப்புரவாக்க ஆள் தேடுறார்."

சித்தி சிரித்த சிரிப்பு கல்வளைவுகளில் எல்லாம் மோதித் திரும்பி வந்தது. கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

திரும்பும் வழியில் அப்பா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று, வளைவே இல்லாத இடத்தில், சித்தி படகைக் கரைச் சேற்றில் ஏற்றினார். சித்தியா? நான் விடுவேனா! கூரையில் ஏறித் துவாயை வீசிக் கத்தி, அந்தப் பக்கம் வந்த படகுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கயிறு போட்டு ஒரே இழுப்பில் எங்களை விடுவித்தார்.

"பாத்தீங்களோ சித்தி, நான்தான் காப்பாத்தினான்!"

சித்தி என்னை வெகுநேரம் பார்த்தார். நன்றி என்று எடுத்துக்கொண்டேன். பிறகு சுக்கானை என் கையில் வைத்தார்.

"கப்டன், இனி நீ ஓட்டு."

ஓட்டினேன். படகின் மூக்கு சேற்றுக்குள் எவ்வளவு ஆழமாகப் போகுமோ அவ்வளவுக்கு ஓட்டினேன். பின்னால் வந்த வேறொரு படகுக்காரர் இழுத்துப் பார்த்து, கைவிட்டுப் போனார்.

"ஆரப்பா இவளிட்டச் சுக்கானைக் குடுத்தது?" என்று அப்பா பாய்ந்து வந்தார்.

"சும்மா இருங்கோப்பா," என்று அம்மா அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

யாரும் என்னை ஏசவில்லை. சித்தியும் அங்கிளும் கூரையில் கால்களைத் தொங்கவிட்டு, பொழுது சாயும்வரை கதைத்துக்கொண்டிருந்தார்கள். அசையாத படகின் சுக்கானை நான் கெட்டியாகப் பிடித்தபடி நின்றேன்.

அந்த அங்கிள் எனக்குச் சித்தப்பாவான பிறகும், என் திறமையை நம்பித்தான் சித்தி அன்று சுக்கானைத் தந்தார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். யோசித்துப் பார்த்தால், அது சரிதான்.