சாம்பல் நிறத்து வரி

அலுவலகத்தில் அவளுக்குக் கலரக்கா என்று பெயர். பளபளவென்று உடுத்திக்கொண்டு திரிகிறவள் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அவளிடம் இருப்பதெல்லாம் துவைத்துத் துவைத்துச் சாயம் போன பருத்தித் துணிகள்தான். பெயர் வந்தது அவள் பார்க்கிற வேலையால்.

ஒரு மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பக்கங்களைத் தயார் செய்கிறவள் அவள். நிரல் எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதியதை வெறும் எழுத்தாக அனுப்பிவைப்பார்கள். நிரலைத் திறந்து திருத்துவதற்கென்றே எடிட்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு; அவள் அதைத் தன் எடிட்டரில் திறந்ததும் எழுத்துகள் நிறம் பூசிக்கொள்ளும். கட்டளைச் சொற்கள் நீலம், மேற்கோள்குறிக்குள் இருப்பவை பச்சை, எண்கள் ஆரஞ்சு. எழுதியவர் தனக்கோ அடுத்து வருகிறவருக்கோ எழுதிவைக்கிற குறிப்புகள் இருக்கின்றனவே, கணினி கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறவை, அவை மட்டும் சாம்பல்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நிறம் எதுவும் ஃபைலில் கிடையாது. எல்லாம் எடிட்டர் பார்க்கிற பார்வையில்தான். எடுத்து வேறோர் இடத்தில் ஒட்டினால் மறுபடியும் கறுப்பு வெள்ளைதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதில்தான் முட்டிக்கொண்டு அவளிடம் ஓடி வருவார்கள்.

"அக்கா, என் ஸ்கிரீன்ல எவ்வளவு அழகா இருந்துச்சு! வெப்சைட்ல போட்டா மொட்டையா வருது."

"உன் கண்ணைப் பிடுங்கி ஊருக்கெல்லாம் மாட்டிவிட முடியுமா? எச்டிஎம்எல்லா மாத்திட்டு அப்புறம் போடு" என்பாள் கலரக்கா.

எடிட்டரிலேயே அதற்கு ஒரு கட்டளை உண்டு. தட்டினால், திரையில் தெரிகிற அதே நிறங்களோடு ஒரு எச்டிஎம்எல் கோப்பு, அதாவது வலைப்பக்கம், தயாராகிவிடும். யார் எந்த ஊரில் திறந்தாலும் அதே நீலம், அதே பச்சை. அந்தக் கட்டளையைத் தட்டித் தட்டியே அவளுக்கு இத்தனை வருடம் ஓடிவிட்டது. அலுத்ததே இல்லை. தான் பார்த்ததை இன்னொருவருக்கு அப்படியே காட்டிவிட முடிகிறதே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன சந்தோஷம். அதோடு அவளுக்கு ஒரு பழக்கம். ஒரு வரி எழுதினால் உடனே சேமித்துவிடுவாள். பேசிக்கொண்டே இருந்தாலும் விரல் தன்பாட்டுக்குப் போய்ச் சேமிக்கிற பொத்தானை அழுத்திவிட்டு வந்துவிடும்.

வீட்டில் மாமனார் ஒருவர். டிரைவிங் ஸ்கூல் வைத்து நடத்தியவர். ஒரே ஒரு கார், அதில் இவர் பக்கமும் ஒரு பிரேக். கற்றுக்கொள்ள வந்தவர்களைக் காது கிழியத் திட்டியே ஓட்டக் கற்றுக் கொடுத்தார். வீட்டிலும் அதே குரல்தான். மருமகளாக வந்த புதிதில் கலரக்கா நடுங்கிப் போனாள். பிறகு பதிலுக்குப் பதில் கொடுக்கப் பழகிக்கொண்டாள். காலையில் செய்தித்தாளை யார் முதலில் படிப்பது என்பதில் தொடங்கி, இரண்டு பேரும் நாள் முழுக்க மல்லுக்கு நிற்பார்கள். அந்த வீட்டில் அவளுக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு காய்ச்சல் வந்து போனபோது அவருடைய இரண்டு காதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. காதுக்குள் வைக்கிற மிஷினும் உதவவில்லை. முதலில் தாளில் எழுதிக் காட்டினார்கள். எழுதுவதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? 'மாத்திரை', 'குளியல்', 'சாப்பிட வாங்க'. மூன்று மாதத்தில் அந்த வீடு அவரிடம் பேசியது அவ்வளவுதான். அவரும் பேச்சைக் குறைத்தார். தன் குரல் தனக்கே கேட்காததால் எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்திவிடுவார். உடனே அத்தை, அதாவது அவர் மனைவி, 'மெதுவா, மெதுவா' என்று கையைத் தாழ்த்திக் காட்டுவார். சில தடவை மாமனார் அந்தக் கையைப் பார்த்தார். அதன் பிறகு வாயையே மூடிக்கொண்டார். சண்டை போட ஆளில்லாமல் கலரக்காவுக்கு வீடே வெறிச்சென்று போய்விட்டது. எப்படியாவது அவரை மறுபடி பேச வைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனாரும் வந்துவிடுவாள், மேசையில் பேச்சு பறக்கும். கலரக்கா லேப்டாப்பைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேசுகிற எல்லாவற்றையும் அடிக்க ஆரம்பித்தாள். பேசியவர் யாரென்று வரியின் தொடக்கத்தில் போட்டு, பிறகு பேச்சு. முதல் வாரம் மாமா படித்துப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிட்டார். எறும்புக் கூட்டம் மாதிரி ஒரே கறுப்பு, யார் எதைச் சொன்னது என்று கண் தேடி அலுத்துப் போகிறது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நிரலுக்கு நிறம் போடுகிற எடிட்டருக்கு மனிதர்களுக்கு நிறம் போடத் தெரியாதா? 'அத்தை' என்று தொடங்கும் வரி பச்சை, கணவன் நீலம், நாத்தனார் ஆரஞ்சு, தன்னுடையது சிவப்பு என்று விதி எழுதினாள். பேச்சு இல்லாமல் நடப்பதையும் விடவில்லை. அடைப்புக்குறிக்குள் போட்டால் அது சாம்பல். (எல்லாரும் சிரிக்கிறார்கள்.) (குக்கர் சத்தம்.) சேமித்ததும் அது தானாகவே எச்டிஎம்எல் பக்கமாக மாறி மாமாவின் டேப்லெட்டில் வந்து நிற்கும்படி செய்துவிட்டாள்.

"ஆபீஸ் வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்துட்டியா?" என்றான் கணவன். அதையும் நீலத்தில் அடித்தாள்.

மாமா அதைப் படித்துச் சிரித்தார். எல்லாரும் கை கழுவப் போன பிறகுதான் சிரித்தார், ஆனாலும் சிரித்தார். அன்று கலரக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் தவறாமல் இது நடந்தது. மாமா குனிந்து படிப்பார், தாமதமாகச் சிரிப்பார், எழுந்து போய்விடுவார். ஒரு வார்த்தை பேசவில்லை. நாளாக நாளாகப் பேசுவார் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா சீக்கிரமே சாப்பிட்டு முடித்துவிட்டு, டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். (மாமா எழுந்து போனார்) என்று அடித்தாள். அறைக் கதவு சாத்தியதும் நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணா, ஷெட்டுல நிக்கிற அப்பாவோட வண்டியைப் பத்தி என்னதான் முடிவு பண்ணியிருக்கீங்க?"

"அடுத்த தெரு டிரைவிங் ஸ்கூல்காரர் கேட்டுட்டே இருக்கார். நாளைக்கே வந்து எடுத்துக்கச் சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றான் கணவன். "அப்பா இனிமே அதை எடுக்கவா போறார்?"

"அவர்கிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தார் அத்தை.

"சொன்னா முகத்தைத் தூக்கி வெச்சுக்குவார். உனக்குத்தான் கஷ்டம்" என்றான் கணவன்.

மாமா பக்கம் பேசவேண்டிய ஆள் கலரக்கா. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "இப்ப சொல்ல வேண்டாம். வண்டி போகட்டும், அப்புறம் நானே பக்குவமா எழுதிக் காட்டறேன்."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேச்சு நடந்தால் விரல் அடிக்கும் என்று பழகிப்போயிருந்தது. நாத்தனாரின் கேள்வி ஆரஞ்சில், கணவனின் பதில் நீலத்தில், கடைசியில் தான் சொன்னது சிவப்பில், வரி வரியாக எல்லாம் சேமித்தாகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி சேமித்தால் டேப்லெட்டிலிருந்தும் போய்விடும். அழிக்கிற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள். அதற்குள் அறைக் கதவு திறந்துவிட்டது.

மாமா டேப்லெட்டோடு வந்து மேசையருகே நின்றார். வண்டியைப் பற்றிய வரிகளைக் காட்டப்போகிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, அவர் விரல் அதற்கு மேலே வேறொரு வரியில் போய் நின்றது.

"இந்தச் சாம்பல் கலர் யாரு?"

மாதக்கணக்கில் பேசாத தொண்டை கரகரத்தது. வழக்கம்போல எட்டு வீட்டுக்குக் கேட்டது. அத்தையின் கை தானாகக் கிளம்பி, பாதியில் நின்றது.

கலரக்கா அடித்தாள்: 'அது யாரும் இல்ல மாமா. யாரும் பேசாம நடக்கிறதெல்லாம் அந்தக் கலர்ல வரும்.'

அவர் படித்தார். பிறகு பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே போனார்.

"போன வாரமும் பார்த்தேன். அதுக்கு முந்தின வாரமும் பார்த்தேன். குக்கர் சத்தம் போட்டுச்சு. நான் தண்ணி குடிச்சேன். கதவு ஆடுச்சு. நான் எழுந்து போனேன். எல்லாம் ஒரே கலரு. ஏம்மா, குக்கரும் நானும் ஒண்ணா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்காகவே செய்த பக்கம் அது. விதி எழுதும்போது அத்தனை பேருக்கும் நிறம் ஒதுக்கியவளுக்கு, அவருக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவரைப் பேச வைக்கத்தான் எல்லாம் என்று சொல்லிக்கொண்டே, அவர் பேசமாட்டார் என்று அவள் முதல் நாளே முடிவு கட்டிவிட்டிருக்கிறாள்.

"நீங்கதான் பேசறதே இல்லையேப்பா" என்றான் கணவன். அவள் அடிக்க, அவர் படித்தார்.

"எப்படிப் பேசறது? நீங்க சொன்னதை நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க நாலு தெரு தாண்டிப் போயிடறீங்க. நான் சிரிக்கும்போது எதிர்ல யாரும் இருக்கிறதில்ல. நான் எந்தப் பேச்சுக்குன்னு பதில் சொல்றது?"

கலரக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள்: 'தப்புதான் மாமா. இப்பவே உங்களுக்கு ஒரு கலர் போட்டுடறேன். எது வேணும், சொல்லுங்க.'

"கலரெல்லாம் நீயே வெச்சுக்கோ" என்றார் மாமா. "நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் அடுத்த பேச்சு பேசக் கூடாது. எனக்கு அது போதும்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நாத்தனார்தான் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பிக் கேட்டாள்: "அப்பா, அந்த வண்டியை அடுத்த தெரு ஸ்கூல்காரர் கேக்கறார். குடுக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

கலரக்கா அடித்துச் சேமித்தாள். ஆரஞ்சு வரி டேப்லெட்டுக்குப் போனது. மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அது அவ்வளவு நீளமான நேரம் என்று அந்த மேசையில் யாருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. கணவன் எதையோ சொல்ல வாயெடுத்தான், அத்தை அவன் தொடையைக் கிள்ளினார். கலரக்கா விரல்களைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அமைதியைத் தாங்குவதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. இதற்குள்தான் இவர் இத்தனை மாதமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மாமா நிமிர்ந்தார்.

"குடுத்துடலாம். நிக்கிற வண்டி துருப்பிடிச்சுப் போகும். ஆனா சாவியை என் கையாலதான் குடுப்பேன். என் பக்கத்து பிரேக்கை மிதிச்சா வண்டி கொஞ்சம் இடது பக்கமா இழுக்கும். அதை அந்த ஆளுக்கு எடுத்துச் சொல்லணும். வேற யாருக்கும் அது தெரியாது."

'மாமா' என்று வரியைத் தொடங்கி, சொன்னது சொன்னபடி அடித்தாள் கலரக்கா. அந்தப் பெயருக்கு இன்னும் விதி எழுதவில்லை, அதனால் வரி வெறும் கறுப்பில் போய் நின்றது. தான் பேசியதையே அவர் ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டார். அவசரப்படாமல், கடைசி எழுத்து வரைக்கும். அதுவரை ஒருவரும் அசையவில்லை.

பிறகு டேப்லெட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"ம். படிச்சாச்சு. இப்ப யார் பேசணுமோ பேசுங்க" என்றார்.