எலி வேட்டை மிஷின்

திண்டிவனத்தில் ரயில் பாதையை ஒட்டி இன்று உயரமாய் நிற்கிறதே இரும்பு நெல் கோபுரம், அந்த இடத்தில் முன்பு ஓடு வேய்ந்த பழைய கிடங்கு இருந்தது. அப்பா அதற்கு வாட்ச்மேன். வருஷா வருஷம் இருப்பில் நெல் குறையும். கேட்டால், "எலி தின்னுட்டுதுங்க" என்பார். எலி வந்து சாட்சி சொல்லுமா? ஒரு வருஷம் திருட்டுப் பட்டம் கட்டி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊரை விடுங்கள், நானே நம்பவில்லை. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே எனக்குச் சந்தேகப் புத்தி. அப்பா சைக்கிளை நிறுத்தியதும் பையைத் துழாவுவேன். மல்லாட்டைதான் இருக்கும், வேர்க்கடலை. நெல்லை வெளியே தள்ளிவிட்டு இதை வாங்கி வருகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் கிடங்கை இடித்துக் கோபுரம் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. டீக்கடையிலிருந்து அப்பா ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"எலிவேட்டர் வாங்கிக்கினு வர்றாங்களாம்மா! எலி வேட்டைக்கே மிஷினு! அப்ப எலி இருந்ததுன்னு ஒத்துக்கினாங்கதானே?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது எலி புடிக்கிற மிஷின் இல்லப்பா. நெல்லை மேல தூக்கிக்கினு போற மிஷின்."

அப்பா முகம் செத்துவிட்டது. எனக்கோ அப்போதும் இரக்கம் வரவில்லை.

கிடங்கை இடிக்க ஆரம்பித்ததும் அவர் தினமும் அங்கே போனார். எதையோ ஒளித்து வைத்திருக்கிறார், அது வெளியே வந்துவிடுமென்று பயப்படுகிறார் என்று தோன்றியது. மறைந்து மறைந்து நானும் பின்னால் போனேன்.

மூன்றாம் நாள் பொக்லைன் தரையைப் பெயர்த்தது. அடியில் பெருச்சாளி வளைகள், ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிந்து சுவர் வரைக்கும். எல்லாவற்றிலும் நெல். கறுத்து மக்கி, கையில் எடுத்தால் உதிர்கிற நெல். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"யப்பா, எத்தினி வருஷத்து நெல்லுங்க இது!" என்றார்.

அப்பா யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. புளியமரத்துப் பக்கம் திரும்பி, மறைந்து நின்ற என்னைப் பார்த்துக் கையசைத்தார். கிட்டே போனேன்.

"நீ பின்னாலயே வருவேன்னு தெரியும்மா" என்றார். "ஊரு இன்னா வேணா நெனச்சிக்கினு போவட்டும். நீ பாக்கணும்னுதான் தெனம் வந்தேன்."