அவருக்கு அலுவெத், எனக்குச் சேட்டக்

அஜ்மானில் என் ரூமை எத்தனை முறை பெருக்கினாலும் மூலையில் மணல் இருக்கும். அது பழகிவிட்டது. விமானத்தையும் பெருக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் ஊரிலிருந்தபோது நான் நினைத்ததில்லை. ஷார்ஜாவில் விமானம் பழுதுபார்க்கும் ஒரு கொட்டகையில் எனக்கு டியூட்டி. அங்கே நிற்பவற்றுக்குள் புகுந்த மணலை உறிஞ்சி எடுப்பதுதான் காலையில் முதல் வேலை. அப்படி ஒரு நாள் கோடியில் கிடந்த ஒன்றின் தார்ப்பாயை விலக்கினேன். கண்ணாடிக் கூண்டு போல முகம், கீழே மூன்று சக்கரம். கை அப்படியே நின்றுவிட்டது. பழைய ஹெலிகாப்டர். பிரான்சிலிருந்து வரும் இன்ஜினியர் ‘பறக்கும்’ என்றால் வைத்துக்கொள்வதாகவும், இல்லையென்றால் வெட்டிப் பழைய இரும்புக்குப் போடச் சொல்வதாகவும் அதன் சொந்தக்காரரான அரபி சொல்லியிருந்தார்.

எனக்கு அதைத் தெரியும். கடலூர்ப் பக்கம் வெள்ளம் வந்த வருடம் பள்ளிக்கூட மாடியில் ஒதுங்கியிருந்தோம். அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. சுற்றிலும் தண்ணீர், படகு வரவில்லை, இதே ரகம்தான் வந்தது; ஊரில் அதற்குச் சேட்டக் என்று பெயர். கயிற்றில் அம்மா மேலே போனதை வாய் பிளந்து பார்த்தேன். ஆஸ்பத்திரியில் தங்கை செல்வி பிறந்தாள். இன்றும் வீட்டில் அவளுக்கு ‘ஹெலிகாப்டர்’ என்றுதான் பட்டப்பெயர்.

வந்த இன்ஜினியர் பியேர், ரிட்டையர் ஆன கிழவர். “சார், திஸ் சேட்டக்!” என்றேன்.

“நோ. அலுவெத்.”

“சேட்டக் சார், ஐ நோ!”

அவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், கதவோரம் தேய்ந்திருந்த ஒரு தகட்டைக் காட்டினார். அவர் வேலை பார்த்த கம்பெனியின் பெயர். அலுவெத் என்றால் வானம்பாடியாம். கையைச் சிறகாக அடித்து விளக்கினார். அந்தப் பறவைக்குத்தான் நம் நாடு, உரிமம் வாங்கித் தானே செய்தபோது, சேட்டக் என்று ஒரு ராஜாவின் குதிரைப் பெயரை வைத்திருக்கிறது. தகட்டில் இருந்த கம்பெனியோ, பிரெஞ்சு அரசாங்கம் தன் விமானத் தொழிற்சாலைகளை ஒன்றாக்கி உண்டாக்கியது. சத்தத்தை முந்திப் பறந்த கான்கார்டு விமானத்துக்கே பாதி தாய்வீடு. அப்பேர்ப்பட்டதைப் பிறகு தனியாரோடு சேர்த்து, பல நாட்டுக் கம்பெனி ஒன்றில் கரைத்துவிட்டார்களாம்.

“நவ் கம்பெனி மாஃபி?” என்று கேட்டேன். மாஃபி என்றால் இங்கே ‘இல்லை’.

“கலாஸ்,” என்றார், முடிந்துவிட்டது என்று. இங்கே வந்து அவர் கற்ற அரபி அவ்வளவுதான். முகம் வாடிவிட்டது.

ஒரு அரசாங்கமே சொந்தக்காரனாக இருந்த கம்பெனி போய்விட்டது. அது செய்த பொருள் மணலில் கிடந்தும் போகவில்லை. அதன்பின் அவர் கைகாட்டிய இடமெல்லாம் சுத்தம் செய்தேன். பெயர்ச் சண்டை மட்டும் ஓயவில்லை.

வெளியே தள்ளி நிறுத்திய அன்று அரபி கூட்டிவந்த பைலட் உள்ளே ஏறினார். இன்ஜின் முதலில் இருமி அடங்கியது. அரபி கடிகாரத்தைப் பார்த்தார். பியேர் திரும்பவும் குனிந்து எதையோ திருகினார். இரண்டாம் தரம் இறக்கை சுற்றியது. மணலை வாரி எங்கள் கண்ணில் அடித்துவிட்டு, அது தரையை விட்டு எழும்பியது. நான் செல்விக்குப் போன் போட்டு மொபைலை உயரத் தூக்கிப் பிடித்தேன்.

“என்னாண்ணே சத்தம்?”

“உன்னப் பொறக்க வச்சது பறக்குதுடி!”

“அது அங்க எப்புடி வந்துச்சு? யாரோடது?”

பக்கத்தில் பியேர் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டிருந்தார். மேலே அது எங்கும் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றது.

“நம்மளுதுதான்,” என்றேன். அந்த நம்மில் அந்தக் கிழவரும் இருந்தார்.