குழந்தைக்கு முகம் காட்டிப் பேசிய கதை

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது ஐந்து, வளர்த்து ஆளாக்கியது நான்கு. பேரப்பிள்ளைகள் ஆறு பேரும் என் இடுப்பில் ஏறி இறங்கியவர்கள். பிள்ளை வளர்ப்பில் என்னைக் குறை சொல்ல ஆள் பிறக்கவில்லை என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊர் திருப்புலிவனத்தில் இதை என் வாயால் கேட்காதவர்கள் குறைவு. அதனால் தப்பு நடந்ததையும் நானே சொல்ல வேண்டும். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும்.

ஆறாவது பேத்தி கீர்த்தனா, கடைசி மகனின் பெண். அவளுக்கு ஒன்றே முக்கால் வயதானபோது மருமகள் சுகுணா மறுபடியும் கம்பெனி வேலைக்குப் போனாள். விடிகிற நேரத்தில் வேன் வரும், திரும்பச் சாயங்காலம் ஆகும். குழந்தை என் பொறுப்பு. சமையலும் மாடும் என் பொறுப்பு. செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தால் போதும், குழந்தை இடம் விட்டு நகராது. சோறும் இறங்கும்.

"இன்னா சமத்தா குந்திக்கினு கீது. பொட்டப் புள்ளன்னா இப்டி இர்க்கணும்" என்பார்கள் தெருவில். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அவள் "ரெட்டு, புளூ" என்பாள். ஒன்று முதல் பத்து வரை இங்கிலீஷில் சொல்வாள். வீட்டுக்கு வருகிறவர்களை நிறுத்தி, அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்க வைப்பேன். ஆனால் தண்ணீர் வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. என் கையைப் பிடித்துக் குடத்தின் மேல் போடுவாள். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். அப்படி என்னைக் கூப்பிட்டதும் இல்லை. இது எனக்கு உறைக்கவே இல்லை.

அங்கன்வாடி டீச்சருக்கு உறைத்தது. இரண்டரை வயதில் சேர்க்கப் போனபோது, பின்னால் நின்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். குழந்தை திரும்பவில்லை. வாசலில் யாருடைய போனோ பாடியது. உடனே ஓடினாள்.

"காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய் காட்டுங்க ஆயா."

"நாலு வளத்தவளுக்கு நீ சொல்லித் தரியாம்மா? வர்றப்ப வரும் பேச்சு."

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. அதில் இரண்டு மாதம் வீணானது. டீச்சரே வழியில் பார்த்துச் சொன்ன பிறகு, சுகுணா லீவு போட்டு எங்களைக் கூட்டிப் போனாள்.

முதலில் காது கேட்கும் சோதனை. காது நன்றாக இருந்தது. பிறகு டாக்டரம்மா வெகுநேரம் குழந்தையோடு விளையாடிப் பார்த்தார். பேச்சு வளர்ச்சித் தாமதம் (வயதுக்கு வரவேண்டிய பேச்சு பின்தங்கி இருப்பது) என்றார். ஆட்டிசமா (பழகுவதிலும் பேசுவதிலும் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடு) என்று சுகுணா அழுதுகொண்டே கேட்டாள்.

"இப்பவே சொல்ல முடியாதும்மா. ஆறு மாசம் பயிற்சி குடுத்துப் பார்ப்போம். போன் மட்டும்தான் காரணம்னும் சொல்லமாட்டேன். ஆனா போனை நிறுத்திடுங்க."

"இங்கிலீஷு பேசுதே டாக்டரம்மா" என்றேன்.

"அது ஒப்பிக்கிறது பாட்டி. போன் பேசிக்கிட்டே போகும். நம்ம பதிலுக்கு நிக்காது."



போனை நிறுத்திய முதல் மூன்று நாள் தரையில் தலையை மோதி அழுதாள். சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் தாங்காமல் மாட்டுக் கொட்டகையில் வைத்துத் திருட்டுத்தனமாகக் கொடுத்தேன். அன்று வேன் சீக்கிரம் வந்துவிட்டது. சுகுணா பார்த்துவிட்டாள்.

"டாக்டர் சொல்லச் சொல்ல தலைய ஆட்டினீங்களே அத்த. பூம்பூம் மாடு ஆட்டற மாதிரிதானா அது?"

 அன்றோடு விட்டேன். இரண்டு வாரத்தில் அழுகை அடங்கியது. உங்கள் வீட்டிலும் அடங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதன்தோறும் பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். சொல்லித்தருபவர் சின்னப் பெண். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படிப் பேசிக் காட்டுங்கள் என்றார். நான் அங்கே கிடந்த பொம்மைகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே பேசினேன்.

"யார்கிட்ட பேசறீங்க ஆயா?"

"புள்ளையாண்டதான்."

"அதுக்கு உங்க முதுகுதானே தெரியுது?"

பன்னிரண்டு வயதில் நடவுக்கு இறங்கியவள் நான். நாற்று நடும்போது நிமிரக்கூடாது, வரிசை கலையும். ஊர்க் கதை அத்தனையும் சேற்றைப் பார்த்தபடியே பேசி முடிப்போம். குனிந்து பேசுவதுதான் எனக்குப் பேச்சு. என் நான்கு பிள்ளைகளிடமும் அப்படித்தான் பேசினேன். ஆனால் அவர்களைச் சுற்றி ஒரு தெருவே முகம் காட்டியது. இவளுக்கு நாள் முழுவதும் முகம் காட்டியது டப்பாவில் சாய்ந்த போன் ஒன்றுதான்.

பயிற்சி பெரிய வித்தை இல்லை. குழந்தையின் கண்ணுக்கு நேராகத் தரையில் உட்கார வேண்டும். ஒரு சொல் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும். என் முட்டி உட்கார மறுத்தது. காத்திருக்க நான் மறுத்தேன். நாலு எண்ணுவதற்குள் நானே பதிலைச் சொல்லிவிடுவேன். பத்து எண்ணப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஐந்தாம் மாதம் ஒரு காலை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, பழைய பழக்கத்தில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கை என் மோவாயைத் தூக்கியது. என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "ஆயா, தண்ணி" என்றாள். எனக்கு உடனே எழுந்து தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை. அவள் இன்னொரு முறை, கொஞ்சம் கோபமாகக் கேட்டாள்.

ஆட்டிசம் இல்லை என்று பிறகு சொன்னார்கள். எல்லா வீட்டிலும் இப்படியே முடியும் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே பழகிய சில பிள்ளைகளுக்கு இன்னும் பயிற்சி நடக்கிறது. சந்தேகம் வந்தால் அன்றே போங்கள், என்னைப் போல மாதங்களைத் தின்னாதீர்கள்.

அறுபத்தேழு வயது வரை என் உடம்பென்றால் கையும் முதுகும்தான். முகத்துக்கும் வேலை உண்டென்று இவளால் தெரிந்தது. காத்திருக்கப் பழகியதில் பகலும் முன்னைவிட நீளமாகிவிட்டது, இதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

கீர்த்தனா இப்போது இரண்டாம் வகுப்பு. கூட்டத்தில் இன்னும் பேச்சு நின்றுவிடும். இதை எழுதிய நோட்டை அவளிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, ஒரே கிறுக்கலா கீது?"

"கிறுக்கினத படிக்கத்தான உன்னாண்ட குட்த்தேன். மொதல்லேருந்து படி கண்ணு. நின்னா நிக்கட்டும். நான் இங்கதான் குந்திக்கினு கீறேன்."