பொய் சொன்ன ரிலே

தக்சாயினி யாரையும் எதிர்த்து வாய்காட்டுவாள் என்று ஊரில் ஒரு பேச்சு. உண்மைதான். ஆனாலும் மோட்டர் படுத்துவிட்டால் கொடிகாமத்துப் பக்கம் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

போன பங்குனியில் அவள் பூட்டிய ஊர்த் தண்ணீர் மோட்டரே அவளைச் சந்தி சிரிக்க வைத்தது. கிணறு வயலுக்குள். மோட்டரை நடத்தும் பெட்டி நானூறு மீற்றர் தள்ளி, தண்ணீர்த் தாங்கியடியில். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மிதவைச் சுவிட்ச் இணைந்து, நீண்ட வயர் வழியே ரிலேக்குச் சொல்லும். ரிலே மோட்டரை நிறுத்தும். இதுவோ கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும்போதே காலையில் நிறுத்தியது. பின்னேரம் வோல்டேஜ் இறங்கினால் ஒழுங்காக ஓடியது. மிதவையை இரண்டு தரம் மாற்றியும் அதே கதை.

தண்ணீர்ச் சபைத் தலைவர் பரமலிங்கம் பொறுமை இழந்தார்.

"பிள்ளை, உந்த ரிலேயைக் கழட்டி எறிஞ்சுபோட்டு நேர வயரைக் குடு. சனம் என்னைத் தின்னுது."

"ஏலாது ஐயா. அளவில்லாம இறைச்சா அடியிலயிருந்து உப்புத்தண்ணி ஏறும். அரியாலையில எங்கடை கிணறு அப்பிடித்தான் போனது."

"ரெண்டு நாள் தாறன். பிறகு நானே கழட்டுவன்."

இன்னொரு கிணறு உப்பாவதைப் பார்க்க அவளால் முடியாது. மிதவையின் வயரைக் கிணற்றடியில் கழற்றினாள். ரிலேயையும் பிரித்துவிட்டு மோட்டரை ஓடவிட்டு, அந்த வயரில் மீற்றரை வைத்தாள். எதிலும் இணையாத வயரில் நூற்றுப்பத்து வோல்ட்! அதே இடத்தில் ஒரு குண்டு பல்பைப் பூட்டினாள். பல்ப் எரியவில்லை, மீற்றரும் பூச்சியத்துக்கு விழுந்தது. வலுவுள்ள மின்சாரமென்றால் பல்ப் மங்கலாகவாவது எரிந்திருக்கும்.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பைப்பை மிச்சம் பிடிக்க, மோட்டர் கேபிளையும் மிதவை வயரையும் ஒரே பைப்புக்குள் இழுத்தவள் அவள்தான். கேபிளில் உள்ள மின்சாரம் தொடாமலே பக்கத்து வயரில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நோஞ்சான் மின்சாரம்தான், ஆனால் காலையில் வோல்டேஜ் கூடியிருக்கும்போது அந்த ரிலேக்கு அதுவே போதும்.

ரிலேயைத் திரும்பப் பூட்டி, அதன் முனைகளுக்குக் குறுக்கே ஒரு தடையியைப் போட்டாள். கள்ள மின்சாரம் அதன் வழியே வடிந்துவிடும். அடுத்த நாள் காலை மோட்டர் நிற்காமல் ஓடியது. கிணற்றடிக்குப் போய் மிதவையைக் கையால் கவிழ்த்தாள். உடனே நின்றது.

"என்ரை பிழைதான். ரெண்டையும் ஒரே பைப்பில இழுத்துப்போட்டன்," என்று சபையின் முன்னால் சொன்னாள்.

ஆவணியில் ஒருநாள் காலை மோட்டர் நின்றது. பரமலிங்கம் அவளுக்கு ஃபோன் எடுத்தார். தக்சாயினி சண்டைக்குத் தயாரானாள்.

"பிள்ளை, கிணத்தை எட்டிப் பாத்தன். தண்ணி அடியில கிடக்குது. ஊற எவ்வளவு நேரம் செல்லும்?"

"பின்னேரமாகும் ஐயா."

"சரி, சனத்தோட நான் கதைக்கிறன். ஆர் வந்து கேட்டாலும் நீ ரிலேயில கை வைக்காதை."