கட்டுரைத் திருடர்களோடு குப்பை கொட்டிய கதை

நூலகர் வேலை என்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கலாம் என்று எவனோ சொன்னதை நம்பி வந்தவன் நான். ஆரணியில் எங்கள் கல்லூரி ஓர் ஆய்விதழ் நடத்துகிறது. வருகிற கட்டுரை எங்கேயாவது சுட்டதா என்று கணினியில் போட்டுப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. இதே பாவத்தைச் சுமக்கும் மக்களே, கேளுங்கள்.

மனைவிக்கு நன்றி

செய்யாரிலிருந்து ஓர் அம்மணி கட்டுரை அனுப்பியிருந்தார். பெயர் வேண்டாம், நல்லா இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் "ஊக்கம் தந்த என் அருமை மனைவிக்கு நன்றி" என்று இருந்தது. போன் போட்டு, "மேடம், மனைவியா?" என்றேன்.

உடனே சொன்னார்: "அந்த வரியை மட்டும் எடுத்துடுங்க சார், மீதியெல்லாம் என் சொந்தம்."

பேரம்

கலசப்பாக்கத்து உதவிப் பேராசிரியர் ஒருவர். பிறர் எழுத்தோடு நாற்பத்தாறு சதவீதம் ஒத்துப்போகிறது என்றது கணினி. இருபதைத் தாண்டினால் நாங்கள் தொடமாட்டோம். மனுஷன் பட்டுக்கடைக்கு வந்தவர் மாதிரி, "முப்பதுன்னு போட்டுக்குங்க" என்று ஆரம்பித்தார். மறுநாள் அதே கட்டுரையைப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து ஒட்டி அனுப்பினார். எங்கள் கணினிக்குப் படத்தைப் படிக்கத் தெரியாது. வந்தது பூஜ்யம். பேஜாராகி அதையும் திருப்பி அனுப்பினேன்.

நேரிலேயே வந்துவிட்டார்: "நாப்பத்தாறும் வேணாங்கிறீங்க, பூஜ்யமும் வேணாங்கிறீங்க, உங்களுக்கு என்னதான் சார் வேணும்?"

தேதி மாற்றியவர்

எஸ்தர் எங்கள் ஆய்வு மாணவி, தறிக்கார வீட்டுப் பெண். நெசவாளர்களின் முதுகுவலி பற்றி வீடு வீடாக ஏறி இறங்கி எழுதியிருந்தாள். அது எங்கள் இதழில் வந்தால்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்க முடியும். கெடுவுக்கு மூன்றே வாரம். கணினி எண்பத்தொன்று என்றது! எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால், அவளுடைய நெறியாளர் வேறோர் இதழில் தன் பெயரில் போட்ட கட்டுரை.

"திருத்தித் தரேன்னு வாங்கிக்கினு போனாரு சார்" என்று அழுதாள். நான் நேராகக் கல்லூரி முதல்வரிடம் போய்ச் சொன்னேன்.

முதல்வர் அறையில் விசாரணை. நெறியாளர் அசரவே இல்லை. "இவதான் என்னுதைப் பார்த்து எழுதிட்டா. ஓடுற தறி பக்கத்துல உக்காந்து நானே பார்த்து எழுதினது. தேதி போட்டிருக்கேன், பாருங்க." தேதிகள் இருந்தன. எஸ்தர் போன நாட்களையெல்லாம் பத்துப் பத்து நாள் முன்னதாக மாற்றியிருந்தார், அவ்வளவுதான்.

எஸ்தர் அவருடைய கட்டுரையை வாங்கி ஒரு தேதியில் விரலை வைத்தாள். "சார், அன்னிக்கு அமாவாசை. அமாவாசையில எந்தத் தறியும் ஓடாது. சர்ச்சுக்குப் போற எங்க வீட்லயே ஓடாது. இவரு எந்தத் தறியைப் பார்த்தாரு?"

முதல்வர் போனில் தட்டிப் பார்த்தார். அமாவாசையேதான். ஆய்வுக்குச் சம்மதித்து நெசவாளர்கள் கையெழுத்துப் போட்ட படிவங்களை இருவரிடமும் கேட்டார். எஸ்தர் ஒரு கட்டு எடுத்து வைத்தாள். நெறியாளர் கைக்குட்டையை எடுத்தார். அவர் கட்டுரையை அந்த இதழ் நீக்கியது. எஸ்தருக்கு வேறு நெறியாளர் வந்தார், கட்டுரை வெளியானது, கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே ஆய்வேடும் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

விசாரணை முடிந்து வெளியே வந்த நெறியாளர் என்னிடம் கேட்டது இது: "கட்டுரை எழுதப் பஞ்சாங்கம் பார்க்கணும்னு யாருங்க சொன்னாங்க?"

எத்தனை சதவீதம் திருட்டு என்று கணினி டக்கென்று சொல்லிவிடுகிறது, திருடன் யார் என்று கேட்டால் மட்டும் அதுவும் என்னைப் போலவே திருதிருவென்று முழிக்கிறது.